நெற்றியில் பூசிய எண்ணெய்

சபையிலுள்ள எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி இதை எழுதுகிறேன். எனக்காக உபவாசம் இருந்தவர்களுக்கும், என் வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பியவர்களுக்கும் முதலில் நன்றி. போன மாதம் மேடையில் ஏறிச் சாட்சி சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுகை வந்து இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்ட பாதிதான் முக்கியமானது. இது இனிப்பான சாட்சி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். நீதிமன்றம் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் டைப் செய்கிற வேலை எனக்கு. கணவர் அன்ரன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் இறக்குவார். ஒரே மகள் ஷரோன் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிறாள்.

போன வருடம் மே மாத மழையில் நனைந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பிறகு இருமல். பிறகு படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. நியூமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே மூச்சு நின்றுவிடும்போல ஆகி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போனார்கள். மயக்க மருந்து ஏற்றி, தொண்டைக்குள் ரியூப் விட்டு, மெஷினில் போட்டார்கள். மயங்குவதற்கு முன் நான் கடைசியாகச் சொன்னது, "ஷரோன்ட யூனிபோர்ம் கொடியில கிடக்கு, மழைக்கு முன்னம் எடுங்கோ" என்பதுதான். பரலோகம் போகிறவள் பேசுகிற பேச்சா அது!

என் நுரையீரல் இரண்டும் கல்லாகிவிட்டதாம். மெஷின் மூச்சைத் தள்ள, என் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை பிடித்ததாம். அதனால் மயக்க மருந்தோடு சேர்த்து இன்னொரு மருந்தும் கொடுத்தார்கள். அது தசைகளை அசையவிடாமல் செய்கிற மருந்து. அது ஏறினால் விரல் அசையாது, இமை திறக்காது, தானாக மூச்சுக்கூட விட முடியாது. நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த மருந்து உடம்பை மட்டும்தான் கட்டும். மனதை உறங்க வைப்பது மற்ற மருந்து. அது குறைந்து இது குறையாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாதாரணமாக மயக்கத்தின் ஆழத்தைப் பார்ப்பதற்கு நேர்ஸ்மார் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், தோளைத் தட்டுவார்கள், கண் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். அசைய முடியாதவளை எத்தனை தரம் தட்டி என்ன? அதனால் என் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பிடித்து ஒரு சின்ன மொனிட்டரில் எண்ணாகக் காட்டுகிற ஸ்டிக்கர் அது. முழுதாக விழித்திருக்கிறவருக்கு எண் நூறுக்குக் கிட்ட நிற்கும். நல்ல மயக்கத்தில் அது பாதியளவுக்கு இறங்கும். இதெல்லாம் எனக்குப் பிறகு டொக்டர் சொல்லித் தெரிந்தது.

அன்ரனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது ஒரு ப்ளாஸ்டர்.

எங்கள் சபையில் ஜெபித்துத் தருகிற எண்ணெய்ப் போத்தலை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருக்கும். காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசுவோம், சோதனை எழுதப் போகிற பிள்ளைக்கும் பூசுவோம், புது வேனின் ஸ்டியரிங்குக்கும் பூசியிருக்கிறோம். அன்ரன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து ஐ.சி.யூ.வுக்குள் கொண்டு வந்தார். பின்னேரம் ஒருவரை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். நேர்ஸ் மிஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அந்த "ப்ளாஸ்டரை" மெல்லக் கிளப்பி, நெற்றியில் எண்ணெயால் சிலுவை போட்டு, திரும்ப அதை அமர்த்தி ஒட்டிவிட்டு வந்தார். ப்ளாஸ்டருக்கு மேலே பூசினால் ஆண்டவருக்குப் போய்ச் சேராது என்று நினைத்தாராக்கும். அன்பினால்தான் செய்தார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த நாள் காலையில் நான் விழித்தேன்.

விழித்தேன் என்றால் கண் திறக்கவில்லை. முதலில் சத்தம் வந்தது. மெஷினின் சத்தம், யாரோ ட்ரொலி தள்ளுகிற சத்தம், சிங்களத்தில் கதைக்கிற பேச்சு. பிறகு தொண்டை. தொண்டைக்குள் ஒரு தடி நிற்பதுபோல. எடுக்கக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை. கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். காலை அசைத்தேன். கால் வரவில்லை. கத்தினேன். சத்தம் எனக்குள்ளேயே நின்றது. மூச்சு விட வேண்டும் என்று நினைத்தபோது மூச்சு வரவில்லை, நினைக்காதபோது மெஷின் தள்ளியது.

செத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இதுதான் மரணம் என்றால் இத்தனை வருடம் ஞாயிறுதோறும் பாடியதெல்லாம் பொய்யா என்று கேட்டேன். பிறகு ரியூபுக்குள் இன்னொரு குழாயை விட்டுச் சளி இழுத்தார்கள். நெஞ்சைக் கொக்கியால் கொழுவி இழுத்ததுபோல நொந்தது. செத்தவளுக்கு நோகாது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: நான் உயிரோடு இருக்கிறேன், அது ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மிஸ் என் கண்ணில் ஈரத்தைப் பார்த்தார். கண் காயாமல் இருக்க ஜெலி போல ஒரு மருந்து போட்டிருந்தார்கள். அது உருகி வடிகிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போனார். அந்தப் பஞ்சு என் கன்னத்தை விட்டு விலகியபோது நான் பட்ட பாட்டை எந்தப் பாஷையில் சொல்வது?

அதற்குப் பிறகுதான் டொக்டர்மார் வந்தார்கள். வேலையில் கோட்டு வழக்குகளின் சிங்களக் கடதாசி பார்த்துப் பார்த்து எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். இரத்த அழுத்தம் விழுந்ததால் விடியற்காலையில் மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். அது எனக்குக் கேட்டது. டொக்டர் ஒருவர், "நெற்றி எண் ஏறியிருக்கிறதே?" என்று கேட்டதும் கேட்டது. என் நெஞ்சு குதித்தது. கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்று உள்ளே கதறினேன்.

"அதை நம்ப வேண்டாம் டொக்டர்," என்றார் யாரோ. "நேற்று வீட்டுக்காரர் நெற்றியில் எண்ணெய் பூசியிருக்கிறார். துடைத்தோம். இன்னும் ஸ்டிக்கர் சரியாக ஒட்டவில்லை. புதியது கேட்டிருக்கிறோம்."

எண் சரியாகத்தான் காட்டியது. ஆனால் எண்ணெய் என்றதும் ஒருவரும் அதை நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு ஏதோ அவசரம் வந்து எல்லோரும் அங்கே போனார்கள்.

சகோதர சகோதரிகளே, அப்போது எனக்கு வந்த கோபத்தை மறைத்து எழுத என்னால் முடியாது. என் கணவர்மேல் வந்தது, அது போகட்டும். ஆண்டவர்மேல் வந்தது. "உம்முடைய பெயரைச் சொல்லிப் பூசின எண்ணெய்தான் என்னை உயிரோடு மூடிப்போட்டது. உமக்கு இது சரியா?" என்று கேட்டேன். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்விக்கிறவள் நான். ஒரு வசனம்கூட வரவில்லை. ஒரு பாட்டின் முதல் வரிகூட வரவில்லை. நாக்கு மட்டுமா, மனமும் வறண்டு போய்விட்டது.

முதலில் கேட்ட ஜெபம், "என்னை எடுத்துக்கொள்ளும்" என்பது. கூச்சமில்லாமல் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். எடுக்கவில்லை. மெஷின் தள்ளிக்கொண்டே இருந்தது.

பிறகு ஷரோனின் யூனிபோர்ம் ஞாபகம் வந்தது. எடுத்தார்களோ, நனைந்ததோ என்று. சிரிக்காதீர்கள். அந்தக் கொடிதான் என்னைப் பிடித்து இழுத்தது. அதற்குப் பிறகு என் ஜெபம் மாறியது. சுகம் தாரும் என்று கேட்கவில்லை, அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்குத் தெம்பில்லை. "யாராவது ஒருத்தர் என்ட முகத்தை வடிவாப் பாக்கோணும்." அவ்வளவுதான். அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த இடத்தில் நேரம் என்று ஒன்று இல்லை.

மத்தியானம் போல அன்ரனின் செருப்புச் சத்தம் கேட்டது. இருபது வருடமாகக் கேட்கிற சத்தம், பிழைக்காது. பின்னேரம்தான் விடுவார்கள். இந்த நேரத்தில் விட்டிருக்கிறார்கள் என்றால் என் நிலை மோசம் என்று அர்த்தம். அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய கையில் வேன் ஸ்டியரிங் ரப்பர் வாசம் எப்போதும் இருக்கும். அதுகூட மூக்குக்கு வரவில்லை, மூக்கில் ஏதோ குழாய். மெல்லிய குரலில் ஜெபம் செய்யத் தொடங்கினார்.

"ஆண்டவரே, டொக்டர் கையை விரிச்சிட்டார். இவள் பட்டது காணும். உமக்குச் சித்தமெண்டா எடுத்துக்கொள்ளும். பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுறன்."

சற்று முன் நானே கேட்டதுதான். ஆனால் அவருடைய வாயால் கேட்டபோது எனக்குள் என்னவெல்லாமோ வெடித்தது. நான் என்னை ஒப்புக்கொடுக்கலாம். என் புருஷன் என்னை ஒப்புக்கொடுக்கிறதா? நான் இங்கேதான் இருக்கிறேன் அன்ரன், கேட்டுக்கொண்டு இருக்கிறேன், என்னைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கத்தினேன். கத்திக் கத்தி, அசையாத அந்த உடம்பிலிருந்து ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது. கண்ணீர். இந்த முறை தாராளமாக வந்து காதுக்குள் ஓடியது.

அன்ரன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே ஜெபிப்போம். "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோதுதான் கண்ணீரைக் கண்டார். கண்டவர் மிஸ்ஸைக் கூப்பிட்டாரா? இல்லை.

"ஸ்தோத்திரம்!" என்று ஐ.சி.யூ. அதிரக் கத்தினார். "ஆண்டவர் தொடுறார்! இவளை ஆண்டவர் தொடுறார்! அல்லேலூயா!"

சபையில் ஒருவர் அழுதால் அபிஷேகம் இறங்குகிறது என்போம். அது எங்கள் பழக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி அழும்போதும் அவர் அதையே நினைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அசைய முடிந்திருந்தால் முதலில் அவருக்கு ஒன்று கொடுத்திருப்பேன்.

ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு மிஸ் ஓடி வந்தார். "மஹத்தயா, சத்த கரன்ட எப்பா! சத்தம் போட வேண்டாம், வேற நோயாளி இருக்கு!" என்று ஏசிக்கொண்டே வந்தார்.

"சொறி மிஸ், சொறி. பாருங்க, அவ அழுறா. ஜெபம் கேட்டு அழுறா."

மிஸ் நின்றார். அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. குனிந்து பார்க்கிறார் என்று விளங்கியது. விரலால் என் கன்னத்தைத் தொட்டார். ஜெலி என்றால் விரலில் பிசுபிசுக்கும். இது தண்ணீர். மொனிட்டர் பக்கம் திரும்பினார். என் நாடி ஓடிக்கொண்டிருந்தது, அழுத்தம் ஏறியிருந்தது, காலையில் ஒருவரும் நம்பாத அந்த நெற்றி எண் இன்னும் மேலேதான் நின்றது. "டொக்டர்!" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்கு எந்தப் பாட்டையும்விட இனிமையாக இருந்தது.

பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, கேக்குதா? நான் தெரியும், நீங்க முழிப்பு. பயம் வேண்டாம். அசைய ஏலாது, அது மருந்து. இப்ப நித்திரை மருந்து தாறேன். நான் இங்கதான் இருக்கேன்."

நான் தெரியும், நீங்க முழிப்பு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். கையில் ஏதோ குளிர்ச்சியாக ஏறியது. நித்திரை வந்தது.

நான் பிழைத்தது உங்களுக்குத் தெரியும். மெல்ல மெல்ல நுரையீரல் இளகி, ரியூபை எடுத்து, சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அன்று நெற்றி எண்ணைப் பற்றிக் கேட்ட டொக்டர் ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். மருந்தைக் குறைத்தது ஏன், எண்ணை நம்பாமல் விட்டது எப்படி என்று ஒளிக்காமல் சொன்னார். "சந்தேகம் வந்த நேரமே புது ஸ்டிக்கர் வரும்வரைக்கும் உங்களை விழித்திருக்கிறவராக நினைத்து மருந்து கூட்டியிருக்க வேண்டும். அது எங்கள் பிழை, பழியை எண்ணெயில் போடமாட்டேன்," என்றார். படித்த மனுஷன் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அந்த மிஸ் ஐ.சி.யூ.விலிருந்து என்னைப் பார்க்க ஒருதரம் வந்தார். நான் அவருடைய கையைப் பிடித்து அழுதேன். கர்த்தர்தான் உங்களை அனுப்பினார் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க மஹத்தயாதான் அனுப்பினது, அப்பிடிச் சத்தம்," என்றார்.

அன்ரனிடம் சொல்ல எனக்குப் பல நாள் பிடித்தது. வீட்டுக்கு வந்த பிறகு, ஷரோன் டியூஷன் போயிருந்த ஒரு பின்னேரம் சொன்னேன்.

"நீங்க என்னைக் கொண்டு போகச் சொல்லி ஜெபிச்சது எனக்குக் கேட்டது."

தேத்தண்ணிக் கோப்பையை அவர் கீழே வைத்தார். முகம் செத்துப்போய்விட்டது.

"டொக்டர் இல்லையெண்டிட்டார் ஸ்டெல்லா. உனக்கு நோகக்கூடாது எண்டுதான்..."

"எனக்கு நொந்தது."

மன்னித்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். மன்னிக்க அதில் என்ன குற்றம் இருக்கிறது? ஆனால் அந்த வார்த்தைகள் எனக்குள் கிடக்கின்றன. சில நாள் அவர் மெல்லிய குரலில் ஜெபிக்கத் தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுகிறேன். முழுச் சுகம் கிடைத்தது என்று மேடையில் நான் சொன்னது சரியில்லை. மல்லாந்து படுக்க இன்னும் முடியவில்லை. போர்வை காலில் சுற்றினால் உதறிக்கொண்டு எழும்புவேன். வேன் பின்னுக்கு வரும்போது ஒரு பீப் சத்தம் வருமே, அது மொனிட்டர் சத்தம் மாதிரியே இருந்தது. முதல்நாள் அதைக் கேட்டு வாசலில் விழுந்துவிட்டேன். அடுத்த நாள் அன்ரன் வேனுக்குக் கீழே படுத்து அந்த வயரை வெட்டிவிட்டார். இப்போது பின்னுக்கு எடுக்கும்போது தலையை வெளியே நீட்டி "ஆக்கள் விலகுங்கோ!" என்று கத்துகிறார். தெருவெல்லாம் சிரிக்கிறது. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அது.

இந்தச் சாட்சியில் எண்ணெய்க் கதை வேண்டாம், விசுவாசம் குறைந்தவர்கள் இடறுவார்கள் என்று சபையில் சிலர் எனக்குச் சொன்னார்கள். நான் கேட்கிறேன், அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நான் ஜெபித்தேன், சுகமானேன் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியை நம்பிக்கொண்டு நாளைக்கு இன்னொரு அன்ரன் சட்டைப்பையில் போத்தலோடு போவார். எண்ணெய் பூசுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் மிஸ்ஸிடம் கேளுங்கள். பாதத்தில் பூசுங்கள், உள்ளங்கையில் பூசுங்கள். நெற்றியில் ஒட்டியிருப்பதைத் தொடாதீர்கள்.

கட்டிலில் கிடக்கிறவர் கேட்டுக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தே கதையுங்கள். இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். மழை பெய்கிறதா, கொடியில் கிடந்த உடுப்பை எடுத்தீர்களா என்று சொல்லுங்கள். ஒப்புக்கொடுக்கிற ஜெபம் என்றால் வெளியே போய்ச் செய்யுங்கள்.

ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தாரா? கொடுத்தார். நான் கேட்டது என் முகத்தைப் பார்க்க ஒரு ஆள். அந்த ஆள் வந்தார். எந்த மனுஷனின் பிழையால் நான் மூடப்பட்டேனோ, அதே மனுஷனின் இன்னொரு பிழையான கூச்சலைக் கொண்டே ஆண்டவர் அந்த ஆளைக் கூட்டி வந்தார். இதை என்னால் விளக்க முடியாது. ஏன் அவ்வளவு நேரம் விட்டார் என்று நான் இன்னும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கிறதற்கு ஆள் இருக்கிறார் என்பதால் கேட்கிறேன். இருட்டில் கிடக்கிற யாராவது இதை வாசித்தால், உங்களுக்குச் சத்தம் வராவிட்டாலும், வசனம் வராவிட்டாலும், ஒரே ஒரு சின்ன ஜெபத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேர்கிறது. நான் அந்த இருட்டுக்குள் இருந்துதான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் என்னில் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மூடுவதில்லை. போன கிழமை முன்வரிசையிலிருந்த ஒரு சகோதரி, "ஸ்டெல்லா அக்கா ஏன் ஜெப நேரத்தில ஆக்களின்ட முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா?" என்று அன்ரனிடம் கேட்டாராம். இந்த ஞாயிறு ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அன்ரனும் கண்ணைத் திறந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி ஜெபித்துக்கொண்டு நின்றார்.